கம்பூட்ஸ், ஹெல்மெட், கொஞ்சம் லத்தீன்

கொயர் என்கிற பாடகர் குழுவை நடத்துவது என்பது, மற்ற எல்லோரும் வாயைத் திறந்திருக்க, நாம் ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டிப் பிழைக்கும் தொழில். இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்து படிக்கலாம். செய்து பார்க்காத பாக்கியசாலிகளுக்காகக் கொஞ்சம் விவரம்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். எங்கள் மாதா கோயில் கொயரும் என் தலையில்தான். என் வீட்டுக்காரர் மைன்ஸில் பம்ப் செக்‌ஷன் ஷிஃப்ட் இன்சார்ஜ். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவது அவர் பாடு, கொயரிலிருந்து வெளியே நழுவப் பார்க்கிறவர்களை இழுத்து உள்ளே போடுவது என் பாடு. இரண்டு பேரில் யாருக்கு வேலை அதிகம் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி விவாதம் நடக்கும். நான் விட்டுக்கொடுத்ததில்லை.

ஸ்டெல்லா பாட்டு

ஸ்டெல்லா என்னிடம் பியானோ கற்றுக்கொண்ட பெண். அப்பா மைன்ஸ் எலெக்ட்ரீஷியன். சின்ன வயதில் ஸ்கேல் வாசிக்கச் சொன்னால் அழுவாள். இன்று சென்னையில் இருந்துகொண்டு மற்றவர்கள் அழும்படி பாட்டு எழுதுகிறாள். போன வருடம் அவள் புதிதாக எழுதிய ஒன்றை எனக்கு அனுப்பினாள். பூசையிலும் அடக்கத்திலும் அந்தக் காலத்தில் பாடிய லத்தீன் வரிகளுக்கு இந்தக் காலத்து இசை. மூன்று பகுதிகள். ஆழத்திலிருந்து ஆண்டவரைக் கூப்பிடும் பைபிள் சங்கீதம் ஒன்று, இறந்தவர்களுக்கு அணையாத ஒளி கேட்கும் மன்றாட்டு ஒன்று, சமாதானம் கேட்பது ஒன்று. எட்டுக் குரல்கள். ஆர்கன் கிடையாது, கீபோர்டு கிடையாது, வெறும் தொண்டைதான். அதற்கு அவள் வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நிற்கவில்லை. நாங்கள் 'ஸ்டெல்லா பாட்டு' என்றே சொன்னோம்.

சிக்கல் முதல் பகுதியில் இருந்தது. அந்தச் சங்கீதம் ஆண்களின் மிக மிகத் தாழ்ந்த ஒரு சுரத்தில் தொடங்கி, அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க, மற்ற குரல்கள் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். சாதாரண ஆண்கள் அந்த இடத்துக்கு இறங்கினால் காற்றுதான் வரும், சத்தம் வராது. முயன்று பார்த்த கொயர்கள் எல்லாம் அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடிவிட்டார்களாம். பாட்டு கிறிஸ்துமஸ் கழிந்து அச்சுக்குப் போகிறது. "யாருமே பாட முடியாததை எதற்கு அச்சடிக்க வேண்டும், மேலே தூக்கிவிடு" என்று பதிப்பிக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு கொயராவது எழுதியபடி பாடிவிட்டால் அந்தச் சுரம் பிழைக்கும், இல்லையென்றால் போய்விடும். "அது நம்ம குவாட்டர்ஸ் ஜன்னல்ல கேக்கற சத்தம் மிஸ்" என்றாள் போனில். கரண்ட் தயாரிக்கும் பிளாண்ட்டிலிருந்து வரும் அந்த உறுமலை நாங்கள் யாரும் காதில் வாங்குவதேயில்லை. பிறந்ததிலிருந்து அதில் தூங்கிய பெண் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நாங்கள் பாடுகிறோம், எழுதியபடியே பாடுகிறோம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நீயே வந்து கேள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் கொயரில் அந்தக் குரல் யாருக்கும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஃபாதரிடம் போய்ப் பாட்டைக் காட்டினேன். வரிகளைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், சம்மதிக்குமுன் ஒன்று கேட்டார்.

"இது அடக்கத்துக்குப் பாடறதாச்சே டீச்சர். கேக் சாப்பிட வர்ற ஜனங்கள இப்படி பயமுறுத்தணுமா?"

அலோ

ஒரு மத்தியானம் வீட்டுக்காரரின் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். "அலோ" என்றது ஒரு குரல். போனைப் பிடித்திருந்த என் கையில் அது அதிர்ந்தது. சார் கிரேன் பக்கத்தில் நிற்கிறார், சாப்பாட்டுக்கு வர நேரமாகும், சொல்லச் சொன்னார் என்றது. நான் சாப்பாட்டை விட்டுவிட்டு, "திரும்ப ஒருமுறை அலோ சொல்லுங்க" என்றேன். டீச்சருக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு தயங்கித் தயங்கி இன்னொரு அலோ வந்தது. பியானோவில் வைத்துப் பார்த்தேன். ஸ்டெல்லா எழுதிய சுரத்துக்கு ஒரு படி மேலே, சும்மா பேசும்போதே.

கலியபெருமாள். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமம். பம்ப் செக்‌ஷனில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பம்பையும் பைப்பையும் கிரேன் தூக்கும்போது கீழே நின்று சைகை காட்டுகிறவர். ஊரில் மார்கழி பஜனையில் பாடியிருக்கிறார், ஆனால் அவரைப் பின்வரிசையில், அதுவும் மைக் இல்லாத பக்கமாகத்தான் நிறுத்துவார்களாம். நெற்றியில் திருநீற்றோடு முதல் நாள் வந்து, கோயில் வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"டீச்சர், எங்க வூட்ல நான் பேசனாலே கொழந்த வீல்னு கத்துதுங்க. பாடறதுன்னா முன்னாடியே ஜனங்ககிட்ட சொல்லி வச்சிடுங்க."

அங்கேயும் அதே ரூல்

கலியபெருமாள் தனியாக வரவில்லை. செக்‌ஷனிலிருந்து கூட்டாளிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். எனக்கு இரட்டை லாபம். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொண்டால்தானே சுரம் அறுந்து போகாமல் நிற்கும். லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் தெரியாமல் பாடினால் குரல் பொம்மைக் குரலாகிவிடும் என்பது என் கட்சி. அதனால் வரி வரியாகச் சொன்னேன். 'ஆழத்திலிருந்து கூப்பிடுகிறேன்' என்றதும் மைன்ஸ் ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள், விளக்கம் கேட்கவில்லை. காவல்காரர்கள் விடியலுக்குக் காத்திருப்பதைவிட அதிகமாக என் ஆத்மா காத்திருக்கிறது என்று அதே சங்கீதத்தில் ஒரு வரி. எங்கள் உச்சக் குரல் சொப்ரானோ பிலோமினா ஆஸ்பத்திரி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. "இத எழுதினவர் கண்டிப்பா நைட் பார்த்திருக்கார் மிஸ்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அந்த வரியை வேறு யாரும் முந்திப் பாட விட்டதில்லை.

இரண்டாம் பகுதி வந்தது. 'லுக்ஸ் பெர்பெதுவா'. அணையாத ஒளி, எப்போதும் இருக்கிற ஒளி, பர்மனென்ட் ஒளி என்று உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போனேன். அது யாருக்குக் கிடைக்கும் என்று பின்வரிசையிலிருந்து கேட்டார் கலியபெருமாள். இறந்தவர்களுக்கு என்றேன். அதற்கு அவர் திருப்பிக் கேட்டதற்கு மற்றவர்கள் எல்லாம் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பர்மனென்ட் ஆளின் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும் போலிருக்கிறது.

"செத்தாதான் பர்மனென்ட்டுன்னா, அங்கயும் இதே ரூல்தானுங்களா டீச்சர்?"

பசித்த தாளம், தூங்கிய தாளம்

உலகத்தில் மற்ற கொயர் மாஸ்டர்கள் புதன்கிழமை ஆறு மணிக்கு ரிகர்சல் என்றால், புதன்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஆறு மணிக்கு ஒரு பகுதி வேலையில் இருக்கும், ஒரு பகுதி தூங்கும், மிச்சம்தான் வரும். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும், தூங்கினவர்கள் வருவார்கள், வந்தவர்கள் தூங்குவார்கள். ஆக, ஸ்டெல்லா பாட்டை மூன்று கூட்டத்துக்கு, அவரவர்க்கு ஒத்த நேரத்தில், மூன்று தடவை தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு கூட்டமும் தேன் போலப் பாடியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஃபாதரையும் பார்க்கிறவர்களையும் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலபேரின் வீட்டில் சண்டை மூட்டி, மூன்று கூட்டத்தையும் ஒன்றாக நிறுத்தினேன். கையை இறக்கினேன். ஒரே பாட்டு மூன்று திசையில் ஓடியது. ஒரு கூட்டம் சமாதானத்தைத் துரத்திக்கொண்டு போனது, ஒரு கூட்டம் சமாதானத்தின்மேல் படுத்துத் தூங்கியது, நடுவில் இருந்தவர்கள் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி முழித்தார்கள். உட்கார்ந்து யோசித்ததில்தான் விஷயம் பிடிபட்டது. கற்றுக்கொண்ட வாரத்தில் யார் எந்த ஷிஃப்டில் இருந்தார்களோ, அந்த ஷிஃப்டின் வேகம் பாட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலை ஏ ஷிஃப்ட் முடித்து மத்தியானம் நேரே வந்து கற்றவர்களுக்குப் பாட்டு முடிந்தால்தான் சோறு. ராத்திரி சி ஷிஃப்டுக்குப் போகுமுன் கற்றவர்கள் தூங்கி எழுந்த கண்ணோடு வந்தவர்கள். டெனரில், ஆண்களின் மேல்குரலில், நிற்கும் ஞானமுத்து திருநெல்வேலிக்காரர், கன்வேயர் ஃபோர்மேன். அவரைத்தான் முதலில் பிடித்தேன்: என் கையைப் பார்த்துப் பாடக்கூடாதா என்று.

"வயித்துக்குள்ள ஒரு தாளம் கெடந்து அடிக்கும்போது, உங்க கையப் பாக்கச் சொன்னா எப்படி டீச்சர்?"

விரல் சொன்னது வேறு

வேகத்தை ஒருவழியாக ஒழுங்கு செய்தேன். அடுத்த கஷ்டம் பின்வரிசையில். கலியபெருமாள் கூட்டம் அந்த அடி சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் 'விடாதீங்க, அப்படியே தொடருங்க' என்பதற்கு விரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போடுவேன். பழக்க தோஷம். போட்ட உடனே அவர்கள் சுரம் ஏற ஆரம்பிக்கும். நான் பதறி இன்னும் வேகமாக வட்டம் போடுவேன், அவர்களும் இன்னும் வேகமாக ஏறுவார்கள். நல்ல சுருதி உள்ளவர்கள், என் கையைப் பார்த்த உடனே மட்டும் கெட்டுப்போகிறார்களே என்று எனக்கு ஒரே ஆத்திரம். திட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கே இன்னொன்று நடந்தது. ஒரு தடவை சங்கீதத்தின் கடைசி வரை பிசிறே இல்லாமல் வந்துவிட்டார்கள். கையை வீசிப் பாட்டை முடிக்க வேண்டிய நான், மனம் நிறைந்துபோய் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டு கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எல்லோரும் நிறுத்தினார்கள், பின்வரிசை மட்டும் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்தால், நாலைந்து ஆண்கள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இன்னமும் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கையைப் பிரித்த பிறகுதான் விட்டார்கள். தண்ணீர் குடிக்க வைத்து, விசாரித்தேன். கிரேன் வேலையில் விரலை மேலே காட்டிச் சுற்றினால் 'தூக்கு' என்று அர்த்தமாம். கையைக் கோத்துக்கொண்டால் 'எல்லாம் அப்படியே பிடி, யாரும் அசையாதே' என்று அர்த்தமாம். அதில் ஒருவர் தப்பினால் ஒரு பம்ப் ஆள்மேல் இறங்கும். இறக்கு, மெதுவாக, நிறுத்து என்று மற்ற சைகைகளையும் காட்டித் தந்தார்கள். அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு ஏன் ஐயா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சிக்னல் குடுக்கறவங்க சொன்னா சொன்னதுதான் டீச்சர். எடத்துல நின்னுக்கினு எதுத்து கேள்வி கேக்கக் கூடாது."

பைப்புக்குள் லத்தீன்

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுப் புகார். சாப்பாட்டு இடைவேளையில் இந்த ஆட்கள் கீழே சுரங்கத்தில், மாட்டாமல் கிடக்கும் பெரிய பைப்பின் வாயில் தலையை நுழைத்துக்கொண்டு அடி சுரம் பழகுகிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே பாடினால் நன்றாகச் சுற்றி வருகிறதாம். எனக்கு வந்த சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே நுழைக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். பாதுகாப்பு விஷயத்தில் அவரோடு விளையாட முடியாது. ஆனால் முறைப்புக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் முகம், எனக்குத் தெரியாதா.

"நேத்து ரவுண்ட்ஸ் வந்த பெரிய சார், அந்த பைப்புல என்னய்யா சத்தம், ஏதாவது ஃபால்ட்டான்னு கேட்டார். இல்ல சார், லத்தீன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாம போய்ட்டார்."

தண்ணீருக்குத் தெரியாது

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கூடவே மழையும் வந்தது. டிசம்பர் மழை எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஊற்றியது. பின்வரிசை ஆட்கள் அத்தனை பேருக்கும் அன்று ஏ ஷிஃப்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு விட்டால், குளித்துச் சாப்பிட்டுச் சாவகாசமாக ஆறு மணிப் பாட்டுக்கு வரலாம் என்பது என் கணக்கு. இரண்டு மணி தாண்டியும் ஒருவரும் மேலே வரவில்லை. மழைத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்குகிறது, எல்லா பம்பும் ஓடுகிறது. பி ஷிஃப்டுக்கு வரவேண்டிய ஆட்கள் பெரும்பாலும் சேத்தியாத்தோப்புப் பக்கம். ரோட்டில் தண்ணீர், பஸ் வரவில்லை. மாற்று ஆள் வந்து கையில் வாங்கிக்கொள்ளாமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது அங்கே சட்டம்.

சாயங்காலம் ஸ்டெல்லா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள், புடவைக் கரையெல்லாம் நனைந்து. காலியாகக் கிடந்த பின்வரிசையைப் பார்த்தாள். "பரவாயில்ல மிஸ், மேல தூக்கியே பாடிடலாம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஊசி ஏறியது போல இருந்தது. ஏனென்றால் அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பழகிப்போன ஏமாற்றம்தான் இருந்தது. வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஒரே ஒருவரை, கலியபெருமாளை மட்டும், ஒரு மணி நேரத்துக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். பின்னால் பம்ப் இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்கானது.

"தண்ணிக்கு லத்தீன் தெரியாதும்மா. ஆள் மாத்தாம ஒருத்தரையும் மேல அனுப்ப மாட்டேன், அது நானா இருந்தாலும்."

டிராக்டரில் வந்தவர்கள்

பாட்டு வரிசையை மாற்றினேன். ஒளியை முதலில் வைத்தேன், சமாதானத்தை இரண்டாவதாக வைத்தேன், ஆழத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். அடி சுரம் அதில்தான் இருக்கிறது, மற்ற இரண்டையும் ஞானமுத்துவும் இருக்கிற ஆண்களும் சமாளித்துவிடுவார்கள். ஒளியைப் பாடினோம். சமாதானத்தைப் பாடினோம். மழையையும் மீறி வந்திருந்த ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். அடுத்து ஃபாதர் பேச வேண்டும். அவர் காதில் போய், இன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள் என்றேன். வாராவாரம் பூசையில் பசி காதை அடைக்கும்வரை பிரசங்கம் செய்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து இரண்டு வாக்கியத்தில் ஆசீர்வாதம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான் தாள்களை அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

வாசல் பக்கம் நின்ற பிலோமினா கையைத் தூக்கினாள். கம்பெனி வேன் வெளிச்சம். வாசலில் செருப்புகளோடு செருப்பாக வரிசையாகச் சேறு அப்பிய கம்பூட்ஸ்கள், ஹெல்மெட்டுகள், ரெயின்கோட்டுகள். வெறுங்காலோடு, ஈரச் சட்டையோடு, சுரங்கத்துச் சேறு முழங்கைவரை இருக்க, பின்வரிசை நிறைந்தது. நடந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. பி ஷிஃப்ட் ஆட்கள் பஸ் இல்லை என்று வீட்டில் படுத்திருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு டிராக்டரைப் பிடித்து, டிரெய்லரில் நின்றுகொண்டே தண்ணீரைத் தாண்டி வந்திருக்கிறார்கள். அதில் கோயில் பக்கம் வந்து பாட்டைக் கேட்கப்போகிறவர் ஒருவரும் கிடையாது. நேராகச் சுரங்கத்தில் இறங்கி, கலியபெருமாள் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரே வியந்துபோய், ஏனய்யா இந்த மழையில் என்று கேட்டாராம். அவர்களில் முன்னால் வந்த ராஜவேலு சொன்னதை அவர் எனக்கு அப்படியே சொன்னார்.

"தண்ணி வந்தா நாங்க லீவு போட்டுக்கலாம் சார். கலியபெருமாள் பாட்டுக்கு லீவு போட முடியாதில்லீங்களா?"

இறக்கு

கீபோர்டில் அடி சுரத்தைத் தொட்டுக் காட்டினேன். பின்வரிசை முகங்களில் ஒரு அசைவும் இல்லை. திரும்பத் தொட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து பெரிய பம்புகளின் பக்கத்தில் நின்ற காதுகள். காதுக்குள் இன்னும் பம்ப்தான் ஓடுகிறது. நான் கொடுக்கிற சுரம் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. ஜனம் காத்திருக்கிறது, முதல் பெஞ்சில் ஸ்டெல்லா மடியில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் கையை இறக்கித் தொடங்கினேன். கலியபெருமாள் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் தொடங்கினார், தோளோடு தோள் ஒட்டி நின்ற மற்றவர்கள் அந்த அதிர்வில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். குரல் வந்தது, பெரிய குரல். ஆனால் இடம் தப்பு. கொஞ்சம் மேலே நிற்கிறது.

நான் கொயர் மாஸ்டர் கையை விட்டுவிட்டேன். வலக்கையைக் கீழே நீட்டி, விரலைத் தரையைப் பார்க்க வைத்து, சின்னதாக வட்டம் போட்டேன்: இறக்கு. இடது உள்ளங்கையை அதன்மேல் அசையாமல் பிடித்தேன்: மெதுவாக. கலியபெருமாளின் கண் என் விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சுரம் இறங்கியது. கிரேன் கொக்கியில் தொங்கும் பம்ப் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி, ஆடாமல், ஒரு பொட்டு அவசரமில்லாமல் இறங்கியது. ஸ்டெல்லா எழுதிய இடத்தைத் தொட்டது. விரல்களை முஷ்டியாக மடக்கினேன்: அங்கேயே நிறுத்து. நின்றது. காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்ததாக நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், முதல் பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒவ்வொரு குரலாக ஏற்றினேன். விடியலுக்குக் காத்திருக்கும் வரியைப் பிலோமினா எடுத்தபோது அவள் முன்தினம் நைட் பார்த்த கண்ணோடு நின்றிருந்தாள். அவ்வளவு நேரமும் கீழே அந்தச் சுரம் அறுபடவே இல்லை. எழுதியபடியே பாடினோம்.

கடைசி இடத்தில் நான் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான் கோத்தேன்: எல்லாம் அப்படியே பிடி, யாரும் அசையாதே. பிடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்து எதிரே ஒன்றும் தெரியாமல் போனதால் கையைப் பிரிக்க மறந்துவிட்டேன். "மிஸ், விடுங்க, செத்துருவாங்க" என்று பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் பிரித்தேன். ஸ்டெல்லா எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுரம் அச்சில் அப்படியே இருக்கும் என்றாள். தொடக்கத்தில் அது மேலிருந்து இறங்கியதே, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அது எங்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை, தாராளமாக எழுதிக்கொள் என்றேன். கூட்டம் பின்வரிசை ஆட்களைச் சூழ்ந்துகொண்டது. ஃபாதர் கலியபெருமாளின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எல்லோர் வாயும் அசைவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கலியபெருமாள், மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தார். தனக்குக் கேட்கவில்லை என்பதால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"நல்லா இருந்துதுங்களா டீச்சர்? எனுக்கு ஒண்ணுமே கேக்கலைங்க."

ஆகவே, சக கொயர் மாஸ்டர்களே, பாடுகிறவருக்குக் காது கேட்காமல், கேட்கிறவருக்கு மொழி புரியாமல், நடத்துகிறவளுக்குக் கண் தெரியாமல் ஒரு பாட்டு எழுதியபடியே வந்துவிட்டதென்றால், அதற்கு நெய்வேலியில் நாங்கள் ரிகர்சல் என்றுதான் காரணம் சொல்லிக்கொள்கிறோம்.